தாலிக்கு முன்னால் ஒரு கடிகாரம்

டி.வி.யில் ஒரு சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது. பத்து மணி நாற்பது நிமிடம். ஓட விட்டிருந்தால் அடுத்த நொடியில் என் கழுத்தில் தாலி ஏறியிருக்கும். ஏற விடாமல் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என் மாமியார்.

"இன்னா மணி அது?" என்றார்.

கல்யாண டி.வி.டி. பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் முறுக்குக் கடிப்பதை நிறுத்தினார்கள்.

"கோமதி, உன்னத்தான் கேக்கறேன். படிச்சவதான நீ? இன்னா மணி காட்டுது?"

"பத்து நாப்பது, அத்த."

"கல்யாணம் வெள்ளிக்கெழமதான? ராவு காலம் எப்ப?"

பத்தரை முதல் பன்னிரண்டு. அது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முறுக்குத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதிய வாசகிகளுக்கு நன்றி. இந்த வாரமும் அதே கல்யாணம்தான். சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த மாப்பிள்ளை

எங்கள் ஊர் வெதுருகுப்பத்துக்கும் உள்ளே தள்ளி. தாத்தா காலம் வரை பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை. நைனா காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் மண் வந்தது. அந்த மண்ணில் வேர்க்கடலை போட்டு என்னைத் திருப்பதியில் டிகிரி படிக்க வைத்தார்.

மாப்பிள்ளை வீடு நகரி. மாமனார் தறி ஓட்டியவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். அத்தை விசைத்தறிக் கொட்டகைகளில் நூல் சுற்றியே ஒற்றைப் பிள்ளை பாபுவை இன்ஜினீயர் ஆக்கினார். பாபு ஹைதராபாத் போய், அங்கிருந்து ஒரு கன்சல்டன்சி பிடித்து, அமெரிக்கா போய்விட்டார். அந்த நாளில் எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு ஒரு பையன் அமெரிக்காவில் இருந்தான். அப்படி ஒருத்தன் இல்லாத தெருவில் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

எங்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான் நடக்கும். ஆவணியில் நடந்தது. அவருக்குக் கிடைத்த லீவு முடிந்து கிளம்பிப் போனார். விசா வரும் வரை நான் அத்தையோடு நகரியில் இருப்பது என்று பேச்சு. விசா வந்தது. டிக்கெட்டும் போட்டாயிற்று. சூட்கேஸில் புளியும் மிளகாய்த்தூளும்கூட ஏறிவிட்டன.

அப்போது ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"என்னை பெஞ்சுல வெச்சிட்டாங்கம்மா" என்றார் அவர்.

அத்தைக்குத் தெரிந்த பெஞ்சு பள்ளிக்கூடத்துப் பெஞ்சு. "பெஞ்சு மேல நிக்க வெச்சாங்களா? இன்னாடா தப்பு பண்ண?" என்று கேட்டார்.

நான்தான் விளக்கிச் சொன்னேன். கையில் இருந்த வேலையை எடுத்துவிட்டார்கள், அடுத்த வேலை வரும் வரை சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள், சம்பளம் கிடையாது, அதற்குப் பெயர்தான் பெஞ்சு என்று. அங்கே பெரிய பெரிய பேங்க்குகள் முழுகிவிட்டதாகப் பேப்பரில் வந்ததையும் படித்துக் காட்டினேன்.

"அங்க பேங்க்கு முழுவுனா இங்க நூலு சுத்தி வளத்த எம் புள்ளைக்கு இன்னா வந்துது?"

நியாயமான கேள்விதான். அந்தப் பேப்பர்க்காரனுக்கே பதில் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அத்தை நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்கும்போது கேட்டார், துணி துவைக்கும்போது கேட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் திருப்பதி ஸ்டுடியோவிலிருந்து டி.வி.டி. வந்து சேர்ந்தது.

பழுத்த பூச்சிகள்

தாலி தாமதமானது உண்மை. அதற்குக் காரணம் என் தாய்மாமன். சொல்லப்போனால் மாமாகூட இல்லை, அவர் வளர்த்த பட்டுப்பூச்சிகள்.

எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன் தாய்மாமன் வந்து பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். மாமாவுக்கு ராமகுப்பம். அங்கே மல்பெரி போட்டுப் பட்டுப்பூச்சி வளர்க்கிறார். அந்தப் பூச்சி தழையைத் தின்று தின்று, பழுத்து, கூடு கட்டத் தயாராகும் நேரம் யாருக்காகவும் காத்திருக்காது. அந்த நேரத்தில் எடுத்து மூங்கில் தட்டில் விடவில்லை என்றால் மொத்த வளர்ப்பும் பாழ். என் கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்துத்தானா அதுகள் பழுக்க வேண்டும்!

கல்யாணத்தன்று மணமேடையில் எல்லோரும் மாமாவுக்காகக் காத்திருந்தோம். ஐயர் சொன்ன மந்திரத்தையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மாமா சட்டையெல்லாம் மல்பெரித் தழை வாசனையோடு ஓடி வந்தார். பட்டம் கட்டினார். உடனே கெட்டிமேளம். அந்தப் பரபரப்பில் கடிகாரத்தை யார் பார்த்தார்கள்?

பிறகு கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒன்பதரை என்றார் ஒருவர், பத்தேகால் என்றார் இன்னொருவர். அத்தையே பார்ப்பவர்களிடமெல்லாம், "நல்ல நேரத்துலயே முடிஞ்சிது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டி.வி.டி. வரும் வரை.

டி.வி.டி. வந்ததும் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. மாமா தாமதம். தாலி ராகு காலத்தில். மகனுக்கு வேலை போயிற்று. மூன்றுக்கும் நடுவில் அந்தப் பாழாய்ப்போன கடிகாரம்.

ஜோசியர் ஒரு வழி சொன்னார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்து, நல்ல நாளில் வேறு தாலி மாற்றிக் கட்ட வேண்டும். அதுவரை சேர்ந்து குடித்தனம் நடத்தக் கூடாது.

அவர் வராமல் தாலி மாற்ற முடியாது. வேலை இல்லாமல் அவர் வந்தால் திரும்ப அமெரிக்காவுக்குள் விடுவார்களா என்று தெரியாது. தாலி மாற்றாமல் நான் போகக் கூடாது. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டோம். சூட்கேஸிலிருந்த மிளகாய்த்தூள் திரும்ப டப்பாவுக்குப் போயிற்று.

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அன்றைக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பயம் எனக்காக இல்லை. வாரா வாரம் போனில் அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"எதனா துன்னியாடா?" என்று அத்தை கேட்பார்.

"ம்."

"இன்னா துன்ன?"

அதற்குப் பதில் வர ரொம்ப நேரமாகும். கூட இருந்த பையன்கள் எல்லாம் வேறு வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். வெளியே பனி கொட்டுகிறதாம். நாள் முழுக்க அறையில் தனியாக இருக்கிறாராம். நான் கிளம்பி வரட்டுமா என்று கேட்டால், "அம்மா சொல்றபடி செய்யி கோமதி" என்பார்.

ஒரு கோபுரம், ஒரு தாமரை, ஒரு கடிகாரம்

"அந்த ஸ்டுடியோவுக்கே போய்க் கேட்டுடலாம் அத்த" என்று ஒரு நாள் துணிந்து சொன்னேன்.

அவர் ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியம்தான். ஊருக்கே ராகு காலத்தைப் படம் போட்டுக் காட்டியவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்கும் இருந்திருக்கிறது. கோவிந்தராஜரையும் சேவித்துவிட்டு வரலாம் என்று ஒரு கணக்கு வேறு. புத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

ஸ்டுடியோ பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில், மாடியில் இருந்தது. உள்ளே ஏ.சி. போட்டிருந்தார்கள், மனிதர்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. வெளியே வெயில் அடித்தது, உள்ளே எடிட்டர் சுரேஷ் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ், நிறுத்தாத பேச்சு.

எங்கள் கல்யாணத்தைத் திரையில் திறந்தார். நான் ஏதோ சினிமா மாதிரி ஓடும் என்று நினைத்திருந்தேன். அங்கே இருந்ததோ வரிவரியாகத் துண்டுகள். மேல் வரியில் படத் துண்டுகள், கீழ் வரியில் சத்தத் துண்டுகள், இடமிருந்து வலமாக நீண்டு கிடந்தன. அதற்குப் பெயர் டைம்லைன் என்றார்.

"பாவு நீட்டுன மாதிரி கீது" என்று அத்தை முணுமுணுத்தார். தறிக்கு நூல் பரப்பி வைப்பதைத்தான் பாவு என்பார்கள். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதும் சுரேஷுக்குப் பெருமை பிடிபடவில்லை. "அதுவா மேடம்! தாலிக்கு முன்னாடி ஒரு டென்ஷன் வேணும் கதா? ஐயர் கை, பொண்ணு கண்ணு, கடியாரம், அப்புறம் டக்குனு கெட்டிமேளம். எல்லா கல்யாணத்துக்கும் போடுவோம். ஒரு கோபுரம், ஒரு தாமரை, ஒரு கடியாரம், இது மூணும் இல்லாம ஒரு டி.வி.டி. வெளிய போனதில்ல."

"அந்தக் கடியாரத்த எப்ப எடுத்தாங்க?" என்றேன்.

"தெலியது மேடம். ரெண்டாவது கேமராக்காரன் இந்த மாதிரி பிட்டெல்லாம் எப்ப வேணா எடுப்பான். துன்னுட்டு கை கழுவிட்டுகூட எடுப்பான்."

எனக்கு மூச்சு வந்தது. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் இறுகித்தான் இருந்தது.

"இவ சொல்லிக் குடுத்தா. நீ ஒப்பிக்கற" என்றார்.

"அத்த! இந்த ஆள நான் இன்னிக்கித்தான் பாக்கறேன்!" கல்யாணமாகி வந்த பிறகு நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

சுரேஷ் பதறிப்போனார். நிரூபிக்கிறேன் என்று அவர் செய்த காரியம்தான் விஷயத்தை இன்னும் கெடுத்தது. மவுஸால் அந்தக் கடிகாரத் துண்டைப் பிடித்து இழுத்துப் பெண்ணழைப்பில் போட்டார். ஓட்டிக் காட்டினார். பெண்ணழைப்பு பத்து நாற்பதுக்கு நடந்தது. பிடித்து இழுத்துப் பந்தியில் போட்டார். பந்தியும் பத்து நாற்பதுக்கு நடந்தது.

"சூசாரா அம்மா, பாத்தீங்களா? எங்க வெச்சா அங்க உக்காரும்."

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்டி எடுத்து எடுத்து வெப்பியா? அப்போ நான் பாத்ததுல எதுதாண்டா நெசம்?"

கேமராவில் மணி பதிவாகியிருக்காதா என்று கேட்டேன். பார்த்தார். யாரும் அதில் தேதியே வைத்திருக்கவில்லை. கேமரா கணக்குப்படி என் கல்யாணம் ஏதோ ஒரு புத்தாண்டு நடுராத்திரியில் நடந்திருந்தது. அசல் டேப் எங்கே என்றால், அழித்து அடுத்த கல்யாணத்துக்கு ஓட்டிவிட்டார்களாம். கம்ப்யூட்டரில் இருக்கும் துண்டுகள்தான் மிச்சம்.

கீழ் வரியில் இருந்தது

திரும்பிப் போக வேண்டியதுதான் என்று எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன். பாட்டு வரிக்கும் கீழே இன்னொரு சத்த வரி, வெளிறிப்போய்க் கிடந்தது.

"இது இன்னாங்க?"

"அது லைவ் சவுண்டு மேடம். மண்டபத்துல நெசமா இருந்த சத்தம். மியூட்ல போட்டு வெச்சிருக்கேன். அதுக்கு மேல போட்டிருக்கிற நாதஸ்வரம் ரெடிமேட்."

அந்த நாதஸ்வரம்கூட எங்களுடையது இல்லை! எங்கள் கல்யாணத்தில் வாசித்தவர்கள் இரண்டே பேர். டி.வி.டி.யில் ஒரு ஊர்த் திருவிழாவே வாசித்தது எப்படி என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"அத போடுங்க. ஐயராவது வேற யாராவது மணி சொல்லியிருப்பாங்க."

ரெடிமேட் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு அதைத் திறந்தார். அறை முழுக்க ஒரு இரைச்சல். டடக் டடக் டடக் டடக். அதன் நடுவில் ஐயர் குரல், குழந்தை அழுகை, யாரோ நாற்காலி இழுப்பது. என் மாமா மூச்சிரைக்கச் சொல்கிறார்: "மன்னிச்சிக்கோ தாயி, பூச்சி பழுத்துடுச்சி." பிறகு கெட்டிமேளம், அந்த இரண்டு மேளக்காரர்கள் வாசித்தது. தாலி ஏறியது. யாரும் மணி சொல்லவில்லை.

"நகரி கல்யாணம்னாலே எங்களுக்கு இதான் தலவலி. சுத்தி தறி. ஃபில்டர் போட்டு இந்த டடக்க தூக்கிட்டு மறுபடி கேக்கறீங்களா?" சுரேஷ் மவுஸை நகர்த்தினார்.

"கை வெக்காத!"

அத்தை எழுந்து வந்துவிட்டார். என்னைத் தள்ளிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "இன்னொரு தபா போடு."

போட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மாமா மன்னிப்புக் கேட்டார், மேளம் கொட்டியது, தாலி ஏறியது. டடக் டடக் நிற்கவே இல்லை.

"தறி ஓடுது" என்றார் அத்தை.

நகரியில் இருப்பவர்கள் காதில் தறிச் சத்தம் விழாது. அது நின்றால்தான் விழும். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அந்தப் பருவத்தில் நகரியில் தினம் பத்து மணிக்குக் கரண்ட்டு போகும், பன்னிரண்டுக்கு வரும். ஊரே அந்தக் கணக்கில்தான் குளிக்கும், மாவு அரைக்கும், போன் சார்ஜ் போடும். பத்துக்கு மேல் ஒரு தறிகூட ஓடாது.

"பந்தி வரைக்கும் ஓட்டுங்க. இந்தச் சத்தத்தோட" என்றேன்.

துண்டு துண்டாக ஓட்டினார். அட்சதை போட்டார்கள், டடக் டடக். காலில் விழுந்து எழுந்தோம், டடக் டடக். பந்தியில் கழுத்தில் புது மஞ்சள் கயிற்றோடு நானும் அவரும் உட்கார்ந்திருக்கிறோம். அவர் இலையில் சாம்பார் விழுகிறது. அந்த இடத்தில் சத்தம் பட்டென்று அறுந்தது. ஊரிலிருந்த தறி அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. தலைக்கு மேலே ஃபேன் தேய்ந்து தேய்ந்து நின்றது. பந்தியில் எல்லோரும் "ஓ" என்றார்கள். கொஞ்சம் கழித்து எங்கோ ஜெனரேட்டர் உறுமியது.

"பத்து" என்றார் அத்தை.

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஜெயித்துவிட்டேன்! ராகு காலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தாலி மாற்ற வேண்டாம், டிக்கெட் போடலாம். சிரித்துக்கொண்டே அத்தை பக்கம் திரும்பினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுரேஷ் நிறுத்தி வைத்த திரையில் அவர் மகன் சாப்பாட்டில் கை வைத்தபடி நின்றுபோயிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எம் புள்ளைக்கு ஏண்டி வேல போச்சி?"

இத்தனை நாளாக அந்தக் கேள்விக்கு ஒரு கடிகாரம் பதிலாக இருந்தது. என் மாமாவும் அவருடைய பூச்சிகளும் பதிலாக இருந்தார்கள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் அந்த அம்மாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கத்தான் நான் அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தேன்.

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். சுரேஷ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் பள்ளம் விழுந்திருந்தது. அதுவரை அந்தக் கையை நான் பிடித்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

பஸ் ஸ்டாண்டில்

கிளம்பும்போது அத்தை சுரேஷைக் கூப்பிட்டார். "அந்தக் கடியாரத்த தூக்கிடு. உன் நாதஸ்வரத்தயும் தூக்கிடு. இருந்தது இருக்கட்டும்."

"தறி சத்தத்தோடவா அம்மா? ஷோவே போயிடும்!"

"போவட்டும்."

அரைமனதாகச் செய்து, அங்கேயே ஒரு புது டிஸ்க் எழுதிக் கொடுத்தார். கோபுரத்தை மட்டும் எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டார். அத்தையும் கோபுரத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கோவிந்தராஜர் கோயிலுக்குப் போகவில்லை. இன்னொரு நாள் வரலாம் என்றார். பஸ் ஸ்டாண்டில் புத்தூர், நகரி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நின்றபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"டிக்கெட்ட எது வரைக்கும் தள்ளிப் போட்டிருக்க?"

"தை வரைக்கும் அத்த. அவருக்கு வேற வேல கெடச்சப்புறம் போலாம்னு..."

"வேல கெடைக்கட்டும், கெடைக்காமப் போவட்டும். நீ முன்னாடியே போ." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உம் மேலயும் தப்பு இல்ல, அவன் மேலயும் தப்பு இல்லன்னா, அவன் மட்டும் அங்க ஏன் தனியா கெடக்கணும்?"

பஸ் வந்து நின்றது. நான் பதில் சொல்லுமுன்பே அத்தை முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஏறி, ஜன்னலோர சீட்டில் எனக்காகத் தன் பையைப் போட்டார்.